சாமுவேல் சாரும் ‘மோ’ என்ற சொல்லும்

கம்பெனி பஸ் புதுவாயல் கூட்ரோட்டில் திரும்பிக்கொண்டிருந்தபோது செய்தி வந்தது. முன் சீட்டில் இருந்த ஃபோர்மேன் ஏழுமலை, போனைக் காதிலிருந்து எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“சிஸ்டர், நம்ம சாமுவேல் சார் பூட்டாராம். விடியக்காலைல நெஞ்சு வலிக்குதுன்னாராம். ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போறதுக்குள்ள...”

ஓடிக்கொண்டிருந்த பாட்டை டிரைவரே நிறுத்திவிட்டார். மணவாள நகரில் நான் ஏறும் இந்த பஸ்ஸில், ஓய்வு பெறும்வரை என் பக்கத்து சீட்டு அவருடையது. கும்மிடிப்பூண்டியில் எங்கள் ரசாயன ஆலையில் அவர் பாதுகாப்பு அதிகாரி. நான் முதலுதவி அறை நர்ஸ். எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. ஊரார் நெஞ்சுவலிக்கெல்லாம் என்னைக் கேட்ட மனிதர், தன் வலியை மட்டும் யாரிடமும் கேட்கவில்லை.

அவரோடு வேலை செய்தவர்களுக்கு அவருடைய அகராதிப் பைத்தியம் தெரியும். தீயணைப்புக் கருவிகளுக்கு நடுவே, அட்டை கிழிந்த ஓர் ஆங்கில அகராதி அவர் மேசையில் எப்போதும் கிடக்கும். ஷிஃப்ட் தொடங்குமுன் எல்லோரும் வரிசையில் நிற்க, அன்றைய வேலையில் என்ன ஆபத்து என்று ஐந்து நிமிடம் பேசுவது ஆலை வழக்கம். அவர் கையில் அது பத்து நிமிடமாகும். பாதி நேரம் ஏதாவது ஒரு சொல்லின் பூர்வீகத்துக்குப் போய்விடும்.

ஒரு கோடைத் தொடக்கம். ரசாயனத் தொட்டிகளைச் சுற்றிப் புல் காய்ந்து கிடந்தது. ஒரு பொறி விழுந்தால் போதும் என்பதால், புல் வெட்டும் மெஷின்களோடு கான்ட்ராக்ட் ஆட்கள் வந்திருந்தார்கள். எல்லோரும் ஒடிசாக்காரர்கள். சார் ஆரம்பித்தார்.

“புல்லு வெட்டறதுக்கு இங்கிலீஷ்ல ‘மோ’ன்னு பேரு. ரொம்பப் பழைய சொல்லு. புல்வெளிக்குச் சொல்ற ‘மெடோ’கூட இதுக்குச் சொந்தம்தான். அதே எழுத்துல இன்னொண்ணு கீது, அத்த ‘மவ்’னு சொல்லணும். அது வைக்கப்போரு. மூணாவது, மூஞ்சியக் கோணிக் காட்டறது. அது ஃபிரான்ஸ்லேந்து வந்திச்சு.”

“இன்னா சார், ஒரே வார்த்தைக்கு இத்தினி வேலையா?” என்றார் ஏழுமலை.

“ஒரே வார்த்தை இல்லப்பா. மூணு வேற வேற ஆளு. ஒரே ரூம்ல தங்கிக்கினு கீறானுங்க.”

சொன்னதோடு நிற்காமல், மூன்றாவது அர்த்தத்துக்கு விளக்கமாக முகத்தைக் கோணிக் காட்டினார். வரிசைக் கடைசியில், ஒரு வார்த்தையும் புரியாமல் நின்றிருந்த ஒடிசாக்காரர் ஒருவர், பதிலுக்கு அதைவிடப் பெரிதாகக் கோணிக் காட்டினார். நானும்கூடச் சிரித்துவிட்டேன். அதன்பின் சார் ஒவ்வொருவருடைய கண்ணாடியையும் கையுறையையும் தொட்டுப் பார்த்துத்தான் உள்ளே அனுப்பினார். ஷிஃப்ட்டில் எல்லோரும் அந்த ஒடிசாக்காரரைப் ‘புல்லுக்காரர்’ என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அவரைப் பார்த்தால் யாராவது முகத்தைக் கோணுவார்கள். அவரும் சளைக்காமல் திருப்பிக் கொடுப்பார்.

புல் வேலை முடியும் தறுவாயில், புதுவாயலில் சாலையைக் கடக்கும்போது புல்லுக்காரர் லாரி மோதி இறந்துபோனார். மறுநாள் ஆபீஸிலிருந்து யாரோ ஆங்கிலப் பேப்பர் செய்தியை வெட்டி, எல்லோருக்கும் பாடமாக இருக்கட்டும் என்று அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருந்தார்கள். ஒரு லாரி, தொழிலாளியை ‘மோ’ செய்துவிட்டதாக, அதாவது புல்லைப்போல் வெட்டிச் சாய்த்துவிட்டதாகத் தலைப்பு. உள்ளேயும் ‘வெளிமாநிலத் தொழிலாளி’ என்பதோடு சரி.

சார் வரிசையைப் பார்த்துக் கேட்டார். “அவர் பேரு இன்னா?”

யாருக்கும் தெரியவில்லை.

“கண்ணாடி போட்டுக்கினாரான்னு பாத்தேன். கையுறை பாத்தேன். பேரக் கேக்கலியே” என்றார். அன்று பேச்சு நடக்கவில்லை.

மாலையில் புதுவாயலில் இறங்கி, என்னையும் இறங்கச் சொன்னார். நோயாளிகளிடம் எங்கே வலி, எத்தனை நாளாக என்று கேட்கும் அளவுக்கு எனக்கு இந்தி வரும். அந்த இந்தியோடு கடைகளுக்குப் பின்னால் தகரக் கூரை அறைகளில் விசாரித்தோம். இறந்தவரோடு ஒரே அறையில் தங்கியிருந்தவர் வெளியே வந்தார். “நிரஞ்சன்” என்றார். ஊரில் மனைவியும் இரண்டு பெண் குழந்தைகளும் இருக்கிறார்களாம். சார் அந்தப் பெயரை, சரியாக வருகிறதா என்று அவரிடமே சொல்லிச் சொல்லிப் பார்த்தார்.

திரும்பும்போது சும்மா இருக்கவில்லை. “விபத்துக்கு அப்பறம் வர்ற கஷ்டத்த பேப்பர்ல ‘ஆஃப்டர்மேத்’னு போடறான் பாரு சிஸ்டர், அதுவும் இந்த ‘மோ’வுக்குச் சொந்தக்காரன்தான். புல்ல வெட்டினப்பறம் திரும்ப மொளைக்கிற புல்லு.”

எனக்கு எரிச்சலாக வந்தது. “ஆள் முளைப்பானா சார்?”

“மாட்டான். அதான் சொல்றேன். அந்தச் சொல்லெல்லாம் புல்லுக்குத்தான் சரி. புல்லுக்குப் பேரு இல்ல.”

மறுநாள் பலகையிலிருந்த பேப்பர் துண்டை எடுத்துவிட்டு, ‘நிரஞ்சன்’ என்று சாக்பீஸால் எழுதினார். அன்று தொடங்கி, பேச்சுக்கு முன்னால் வரிசையில் ஒவ்வொருவரும் தன் பெயரைச் சொல்ல வேண்டும் என்றானது. நேரம் போகிறது என்று மேலதிகாரிகள் முணுமுணுத்தார்கள். சார் ‘மோ’வின் மூன்றாவது அர்த்தத்தை அவர்கள் முதுகுக்குப் பின்னால் செய்து காட்டினார்.

செய்தி வந்த அன்று நாங்கள் வரிசையில் நின்றோம். புது அதிகாரி வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. “நம்ம பழைய சேஃப்டி ஆபீசர் ஒருத்தர் தவறிட்டார். ஒரு நிமிஷம் மௌனம்” என்றார்.

“சார், பேரச் சொல்லிட்டு அப்புறம் மௌனமா நிப்போம்” என்றேன்.

அவர் விழித்தார். பாவம், பெயர் சொல்லும் வழக்கம் எப்படி வந்தது என்று அவருக்குத் தெரியாது. ஏழுமலைதான் முதலில் சொன்னார். “சாமுவேல்.” அடுத்து நின்றவர் சொன்னார். வழக்கமாகத் தன் பெயரைச் சொல்லும் இடத்தில், வரிசை முழுக்க ஒவ்வொருவரும் அந்த ஒரே பெயரைச் சொன்னார்கள். கடைசியில் நின்ற ஒடிசாக்காரர்கள், அவரைப் பார்த்தே இராதவர்கள், அவர்களும் சொன்னார்கள். அப்போதுதான் நான் அழுதேன்.

அவருடைய அகராதி எனக்கு வேண்டாம். அதை யாராவது படிக்கிறவர்கள் வைத்துக்கொள்ளட்டும். நான் வைத்துக்கொள்வது வேறு. அன்று மதியம் விரலில் வெட்டுக்காயத்தோடு ஒருவர் ஓடி வந்தார். முன்பெல்லாம் எங்கே வலி என்றுதான் தொடங்குவேன். பஞ்சை வைத்துக் காயத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு, அவருக்குப் புரிகிற மொழியில் முதலில் பெயரைக் கேட்டேன்.