ஆரப்பாளையமா, மாசி வீதியா

சாமி இறங்குவது, குறி சொல்வது, காத்துக் கருப்பு, இதில் எதையும் நம்பாத பிறவி நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் இந்தக் கதை முடியும்போது நீங்கள் என்னை எப்படிப் பார்ப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், அதே பார்வையை நானும் எத்தனையோ பேர் மீது வீசியிருக்கிறேன். லோயர் கேம்ப்பில் மின்வாரியக் குவார்ட்டர்ஸ் எங்களுக்கு, மலையிலிருந்து குழாயில் இறங்கும் பெரியாற்றுத் தண்ணீர் இரவெல்லாம் இரைந்துகொண்டே இருக்கும், அந்த இரைச்சலுக்குள் யாரோ பொம்பளை அழுகிறாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னபோது, அழுகிறது டர்பைன் என்று சொல்லிச் சிரித்தவள். இப்போதும் அது டர்பைன்தான் என்றே நினைக்கிறேன். ஆனால் முன்னே மாதிரி சிரிப்பதில்லை.

என் தம்பி குமரேசனிடமிருந்து தொடங்க வேண்டும். மனைவி இறந்தபின் அவனுடைய பேச்சு வாய்க்கால் தண்ணீர் மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக வற்றியது. கேட்டால் பதில் வரும், கேட்காவிட்டால் நாள் முழுக்க ஒன்றும் இல்லை. நாங்கள் பிறந்த ஊரான அனுமந்தன்பட்டியில் ஒரு நாள் காலை தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சப் போனவன், மோட்டாரை ஓடவிட்டபடியே எங்கோ நடந்துவிட்டான். நாங்கள் போய்ச் சேர்ந்தபோது கரை உடைந்து தண்ணீர் தார் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது, வரப்பில் அவன் செருப்பு கிடந்தது. கிணற்றில் ஆள் இறக்கிப் பார்த்தோம். போலீசில் எழுதிக் கொடுத்தோம். பழனி, திருச்செந்தூர், ராமேஸ்வரம் என்று ஆண்கள் அலைந்தார்கள். ஒரு கோடை போய் ஒரு மழைக்காலமும் போயிற்று.

காமயகவுண்டன்பட்டியில் எங்கள் வீட்டுக்காரருக்குத் திராட்சைத் தோட்டம் இருக்கிறது. அங்கிருந்து மதுரைக்குப் பழம் ஏற்றிப் போகிற லாரி டிரைவர்தான் அந்தச் செய்தியைக் கொண்டுவந்தார்.

"யண்ணே, உங்க மச்சினன வைகைப் பாலத்துல பாத்தேன். நடந்து போய்க்கிட்டிருந்தாப்ல. ஹாரன் அடிச்சேன், திரும்பவே இல்ல. பின்னாடி பஸ்ஸுக்காரன் கத்துறான், நிறுத்த முடியலண்ணே."

அவ்வளவுதான் தகவல். ஒரு பாலம், ஒரு முதுகு.

லீவு போட்டுவிட்டு மதுரையிலேயே தங்கித் தேடுவது என்று முடிவானது. எங்கே தங்குவது? போனில் மதுரையை விரலால் விரித்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். அத்தனை பழைய ஊர், தாமரை இதழ் மாதிரி கோயிலைச் சுற்றி வீதிகள் என்பார்கள், அன்றைக்கு எனக்கு அது முள்ளுச் செடியாகத்தான் தெரிந்தது. சுற்றிப் பார்க்கப் போகிறவர்கள் ஏசி உண்டா, கார் நிறுத்த இடம் உண்டா என்று பார்க்கிறார்கள், நட்சத்திரம் எண்ணுகிறார்கள். நாங்கள் பார்த்தது ஒன்றுதான், எந்த ஜன்னலுக்குக் கீழே அவன் நடந்து போவான்.

"நம்ம பக்கத்து ஆளுக்கு மதுரைன்னா ஆரப்பாளையந்தேன்" என்றார் எங்கள் வீட்டுக்காரர். "புத்தி கலங்கி அலையுறவன்னாலும், கண்டக்டரு கம்பம், கூடலூரு, குமுளின்னு கத்துறது காதுல விழுந்தா அங்கன நின்னுருவான். பஸ் ஸ்டாண்டு வாசல்லயே ரூம் போடுவோம்."

"ஊருக்கு வர நெனைக்கிறவன்ல ஊரு பஸ்ஸுக்கிட்ட நிப்பான்? இவன் ஊர விட்டு ஓடுனவன். பசிச்சவன் சோறு இருக்குற எடத்துக்குத்தான் போவான். கோயிலச் சுத்தித்தான் அன்னதானம். மாசி வீதியில எங்கனயாச்சும் எடுங்க."

"சாமியே இல்லேம்பே. இப்ப மட்டும் கோயிலாக்கும்?"

"நான் சாமியவா சொன்னேன்? சோத்தச் சொன்னேன்."

இப்படியே தட்டில் சோறு காய்கிறவரை பேசுவோம். இரண்டு பேருக்கும் தெரியும், தப்பான தெருவில் போய் உட்கார்ந்துகொண்டால் அவன் அடுத்த தெரு வழியாகப் போயே போய்விடுவான் என்று. அந்தப் பயம்தான் சண்டையாக வந்தது. கேட்டுக் கேட்டுச் சலித்த ஈஸ்வரி மதினி, எங்கள் வீட்டுக்காரருடைய அக்கா, ஒரு நாள் முறத்தைக் கீழே போட்டார்கள்.

"ரெண்டு பேரும் கத்திக் கத்தியே அந்தப் பயலக் கண்டுபிடிச்சிருவீகளாக்கும்? ஆத்தாகிட்டப் பூக் கேட்டுட்டுப் போங்க. அவ சொல்ற எடத்துல தங்குங்க, சோலி முடிஞ்சது."

பூக் கேட்பது எங்கள் பக்கத்தில் சாதாரணம். பெண் எடுப்பதா வேண்டாமா, போர் போடுவதா வேண்டாமா, எல்லாவற்றுக்கும் கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒன்று, சிவப்புப் பூ ஒன்று, தனித்தனியாக இலையில் மடித்துக் கட்டி குலதெய்வத்தின் காலடியில் போடுவது, சம்பந்தமில்லாத யாரையாவது ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வது, எடுத்ததே உத்தரவு. எனக்கு அது நாணயம் சுண்டுகிற மாதிரிதான். ஆனாலும் ஒத்துக்கொண்டேன். சண்டை ஓய வேண்டும், அவ்வளவே.

எங்கள் வீட்டுக்காரரின் குலதெய்வம் தென்னந்தோப்புக்குள் கூரை இல்லாமல் இருக்கிறவள். உச்சி வெயில், மட்டைகளின் நிழல் அவள் மேல் கோடு கோடாக விழுந்து நகர்ந்துகொண்டிருந்தது. செவ்வரளி வந்தால் ஆரப்பாளையம், நந்தியாவட்டை வந்தால் மாசி வீதி. பூவை மடித்துக் கட்டும் வேலையை மதினி எங்கள் வீட்டுக்காரரிடம் கொடுத்தார்கள், அவர் மரத்துக்குப் பின்னால் போய்க் கட்டிக்கொண்டு வந்தார். பொங்கல் வைக்க வந்திருந்த வேறு ஊர்ப் பெண் ஒருத்தியைக் கூப்பிட்டு எடுக்கச் சொன்னோம். அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு குனிந்து ஒன்றை எடுத்தாள். பிரித்தோம்.

நந்தியாவட்டை. ஈரம் காயாமல், இலையில் ஒட்டிக்கொண்டு.

மதினி குலவை போட்டார்கள். எங்கள் வீட்டுக்காரர் முகம் மட்டும் வெளிறிப்போனது. தோற்றுவிட்ட கடுப்பு என்று நினைத்து உள்ளுக்குள் சிரித்தேன்.

மறுநாள் காலை மதுரைக்குப் பஸ் ஏறினோம். தேனி, ஆண்டிபட்டி, உசிலம்பட்டி எல்லாம் தாண்டிய பிறகு, ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

"ரெண்டு பொட்டணத்துலயும் நான் செவப்புத்தான் வச்சேன்."

"என்னது?"

"ரெண்டுலயும் அரளிதாண்டி. ஆரப்பாளையத்துலதான் இருப்பான்னு எனக்கு அம்புட்டு நிச்சயம். நந்தியாவட்டைய வேலியிலயே விட்டுட்டேன். நீங்கல்லாம் கும்பிட்டுக்கிட்டு இருக்கையில இன்னொரு பொட்டணத்தப் பிரிச்சுப் பாத்தேன். செவப்பு."

நான் சிரித்தேன். சாமியிடமே கள்ள ஓட்டுப் போட்ட ஒரே ஆள் நீங்கள்தான் என்று சொல்லிச் சிரித்தேன். கவனக்குறைவாக வெள்ளையையும் சேர்த்துக் கட்டியிருப்பீர்கள் என்றேன். அவர் எங்கள் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தார். சத்தியம் செய்கிற ஆள் இல்லை அவர். பஸ் செக்கானூரணியில் நின்றபோது என் கையைப் பிடித்திருந்தார். இதை நீங்கள் நம்ப வேண்டியதில்லை, நானும் அப்போது நம்பவில்லை.

மேல மாசி வீதியிலிருந்து பிரிகிற சந்து ஒன்றில் ரூம் கிடைத்தது. முதல் நாள் பெய்த மழையின் சேறு தெருவில் இன்னும் காயவில்லை. பையை வைத்ததும் அவர் செருப்பை மாட்டினார்.

"ஆரப்பாளையத்துக்கு ஒரு நட போயிட்டு வந்துர்றேன். சிரிக்காத."

நான் சிரிக்கவில்லை. போகட்டும் என்றுதான் இருந்தது, மனிதன் தன் நம்பிக்கையையும் ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரட்டுமே. தலைவலி, டீ குடிக்கலாம் என்று இறங்கினேன். வெயில் சாய்ந்து எதிர்வரிசைக் கடைகளின் மேல் மஞ்சளாகக் கிடந்தது. பூட்டிக் கிடந்த ஒரு கடையின் படியில், பஸ்ஸுக்குக் காத்திருக்கிறவன் மாதிரி முழங்காலில் கை வைத்து நிமிர்ந்து உட்கார்ந்திருந்தான், தாடியும் மெலிவுமாக, என் தம்பி.

நான் ஓடவில்லை. அவன்தான் என்னைப் பார்த்தான். பார்த்துவிட்டு, ஐந்து நிமிஷம் முன்னால் கடைக்குப் போனவளிடம் கேட்கிற மாதிரிக் கேட்டான்.

"என்னக்கா, இம்புட்டு நேரமாக்கிட்டே?"

அவன் தலையை என் வயிற்றோடு அணைத்துக்கொண்டு நடுத்தெருவில் நின்று அழுதேன். அவனுக்கு அது புரியவில்லை. "ஏன்க்கா அழுகுற? நீதான இங்கனயே இருன்னே. இருக்கேன்ல" என்றான். பக்கத்துப் படியில் கழுவிக் கவிழ்த்து வைத்த ஒரு தூக்குவாளி இருந்தது. "சோறு நல்லா இருந்துச்சு. கத்தரிக்காயில உப்புதான் கம்மி."

இத்தனை மாதம் அலைந்த மூளை, என்னென்னவோ கலந்து பேசுகிறது என்று எடுத்துக்கொண்டேன். டீக்கடை அம்மா வெளியே வந்தார்.

"வந்துட்டீங்களாம்மா? நேத்து மத்தியானம் நீங்க சோறு குடுத்துட்டு, எந்திரிச்சுப் போயிராமப் பாத்துக்கங்கன்னு எங்கிட்டச் சொல்லிட்டுப் போனீங்க. நைட்டு மழைக்குக் கூட உள்ள வரமாட்டேன்னுட்டாரு. அக்கா தேடுவான்னு."

"நானா?"

"நீங்கதான். கூடப் பொறந்தவ ரெட்டைப் புள்ள யாரும் இருக்காங்களா?"

இல்லை. எங்கள் வீட்டில் நானும் அவனும்தான். நேற்று மத்தியானம் நான் எங்கே இருந்தேன் என்று அந்த அம்மாவிடம் சொல்லவில்லை. தென்னை மட்டை நிழல் கோடு கோடாக நகர்ந்துகொண்டிருந்த இடத்தில், கண்ணை மூடி நிற்பதுபோல் நடித்துக்கொண்டிருந்தேன். மூடிய கண்ணுக்குள் என் தம்பி மட்டும்தான் இருந்தான், அது மட்டும் நடிப்பு இல்லை.

ரூமில் குளிப்பாட்டி, சட்டை மாற்றி உட்கார வைத்த பிறகு அவனாகவே சொன்னான். வடக்கே போகிற ரயிலில் ஏறிவிடலாம் என்று ஸ்டேஷனுக்கு நடந்தானாம். எந்த ஊர் என்றெல்லாம் இல்லை, ரயில் எது வரை போகுமோ அது வரை. "நீதான சந்து முக்குல குறுக்க வந்து நின்னே."

வெறுங்கையோடு ஆரப்பாளையத்திலிருந்து திரும்பி வந்தவர் கதவைத் திறந்ததும் அப்படியே வாசலில் உட்கார்ந்துவிட்டார். குமரேசன் எழுந்து நின்றான்.

"மச்சான், எங்க போயிருந்தீக?"

"ஒன்னத்தேன் தேடப் போனேன், மாப்ள."

"நான் இங்கனதான இருக்கேன்."

"ஆமா மாப்ள. எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கு, எனக்குத்தேன் தெரியல" என்றார். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன அவருக்கு.

ஊருக்குக் கூட்டிவந்தோம். தேனியில் மருத்துவம் பார்க்கிறோம், மாத்திரை சாப்பிடுகிறான், நன்றாகத் தூங்குகிறான். மச்சானோடு திராட்சைப் பந்தலில் கொடி இழுத்துக் கட்டுகிறான். போன வாரம் யாரும் கேட்காமலே, இந்தத் தடவை பழம் நல்லா வரும் என்றான். கேட்காமல் வந்த பேச்சு! அடுப்படியில் நின்று அந்த ஒரு வாக்கியத்துக்காக, யாரை என்று தெரியாமல், கையெடுத்துக் கும்பிட்டேன். நம்பாதவள் கும்பிடக் கூடாது என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லையே.

அந்தத் தூக்குவாளி மட்டும் இருக்கிறது. மதுரையிலிருந்து வந்த அன்று அதை விளக்கி அலமாரியில் வைக்கப் போனேன். அடியில் பெயர் வெட்டியிருந்தது. எங்கள் கல்யாணத்துக்குத் தம்பி வாங்கிக் கொடுத்த வாளி, அவன் பெயர், எங்கள் ஊர்ப் பெயர். ஓ, எப்போதோ எங்கள் வீட்டிலிருந்து இதை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே அலமாரியைத் திறந்தால், அங்கே அது ஏற்கெனவே இருந்தது. அதே பெயர், அதே எழுத்து. விளிம்பில் அதே நெளிசல். அவன் போன பிறகு ஒரு நாள் காஸ் சிலிண்டர் உருண்டு விழுந்ததில் வந்த நெளிசல் அது. வந்த வாளியிலும் அதே இடத்தில். எங்கள் வீட்டுக்காரர் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்துவிட்டு, "பாத்திரம்னா நெளியத்தேன் செய்யும்" என்று சொல்லிவிட்டுத் தோட்டத்துக்குப் போய்விட்டார்.

அதையும்கூட நான் பழகிவிட்டேன். பழக முடியாதது வேறு. ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், சும்மா நினைவு வந்தவன் மாதிரிச் சொன்னான்.

"அன்னைக்கு எனக்குப் போட்டுட்டு நீ பாத்துக்கிட்டே இருந்தேல்லக்கா. நீ சாப்பிடலையான்னு கேட்டேன்."

"நான் என்னடா சொன்னேன்?"

"வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுக்கிறேன்னு சொன்னே."

இப்போது மத்தியானம் வடித்ததும், யாருக்கும் பரிமாறும் முன், மதுரையிலிருந்து வந்த வாளியில் ஒரு கை சோறு எடுத்து வைக்கிறேன். கத்தரிக்காய் வைத்தால் உப்பைப் பார்த்துப் போடுகிறேன். என் தம்பியைத் தடுத்து நிறுத்தி, என் முகத்தோடு அவனுக்குச் சோறு போட்டவள் பசியோடு போயிருக்கிறாள். அவள் சொன்ன வீடு எது என்று தெரியவில்லை. வாசல் கதவை மட்டும், அந்த நேரத்தில், நான் தாழ் போடுவதில்லை.