எண்பத்து நான்காம் சங்கீதத்தில் ஒரு வெள்ளாடு

ஆடம் எஸ்லர் லினன் நெசவுக்காரர். வட அயர்லாந்தில் கில்னாமோர் பிரெஸ்பிடேரியன் கோயிலில் இருபத்திரண்டு வருடம் சங்கீதம் எடுத்துக்கொடுத்தவர். அந்தக் கோயிலில் ஆர்கன் கிடையாது. மரக்குழாய்க்கு ஆத்துமா இல்லை, அது எப்படிக் கர்த்தரைத் துதிக்கும் என்று கேட்கிற சபை அது. பிரசங்க பீடத்துக்கு அடியில் ஒரு சின்னக் கூண்டு இருக்கும். எஸ்லர் அதில் எழுந்து நின்று, இசைக்கவையைத் தட்டிக் காதருகே வைத்துக் கேட்டுவிட்டு, ஒரு வரியைத் தனியாகப் பாடுவார். சபை அதைத் திருப்பிப் பாடும். பிறகு அடுத்த வரி. வாரத்தில் ஆறு நாளும் தறியில் குனிந்து கிடக்கிற மனிதர் நிமிர்ந்து நிற்பது அந்தக் கூண்டில் மட்டும்தான். 1871 மார்ச்சில் அது பறிபோகப் பார்த்தது.

செவ்வாய்க்கிழமைகளில் பள்ளிக்கூடத்தில் பாட்டுப் பயிற்சி நடக்கும். வேத வசனத்தை ஒத்திகைக்குப் பாடுவது பாவம். அதனால் ராகத்துக்குப் பொருந்துகிற மாதிரி ஏதாவது வெற்றுப் பாட்டைக் கட்டிப் பாடிப் பழகுவார்கள். கட்டுகிறவரும் எஸ்லர்தான். அந்தக் குளிர்காலம் ஒரு புது ராகம் வந்தது. அதற்கு அவர் கட்டியது இது:

மக்வினி வீட்டு வெள்ளாடு
வேலியைத் தாண்டிப் போச்சுது
போதகர் நட்ட முட்டைக்கோஸ்
பொழுது விடியத் தீர்ந்தது.

நேதன் மக்வினி சபையின் மூப்பர்களில் ஒருவர். தன் ஆடு போதகர் தோட்டத்துப் பக்கம் தலைவைத்தும் படுத்ததில்லை என்று ஊரெல்லாம் சாதித்தவர். முதல் செவ்வாயன்று இந்தப் பாட்டைக் கேட்டதும் எழுந்து போகப் பார்த்தார். ஆனால் கீழ்க்குரலுக்கு அவரை விட்டால் ஆளில்லை. ரோஷத்தைவிட அந்தப் பெருமை பெரிதாக இருந்தது. பத்து வாரமும் வந்து பாடினார்.

பதினோராம் வாரம் ஞாயிறு ஆராதனை. போதகர் கால்ட் எண்பத்து நான்காம் சங்கீதத்தை அந்தப் புது ராகத்தில் பாடும்படி அறிவித்தார். எஸ்லர் சுருதி பிடித்தார், வாயைத் திறந்தார். வெள்ளாடு வந்தது. அவர் திகைப்பதற்குள் நூற்றிருபது பேர், நான்கு குரலில், சுத்தமாக, அதே வெள்ளாட்டைத் திருப்பிப் பாடினார்கள். நாக்கு பழகிய தடத்தில் ஓடியது. வேலி தாண்டியது. மூன்றாம் வரிக்குப் பிறகுதான் யாரோ ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டாள்.

அது அவர் மனைவி ஐசபெல்.

வீட்டுக்கு வந்ததும் அவள், "நீங்க பாடினதுகூடப் போகட்டும், நானுமில்ல முட்டைக்கோஸ் வரைக்கும் வந்துட்டேன்!" என்றாள்.

"சிரிக்காதே. வியாழக்கிழமை கூப்பிட்டிருக்காங்க. கூண்டைப் பிடுங்கிடுவாங்க."

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

வியாழன் மதியம் மூப்பர்கள் ஆறு பேரும் கூடினார்கள். எஸ்லர் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார்.

"கர்த்தரோட வீட்டுல ஆட்டைக் கொண்டாந்து விட்டவன் இனிமே அந்தக் கூண்டுல நிக்கக் கூடாது. எங்க அக்கா மகன் இருக்கான், டவுன்ல முறையாக் கத்துக்கிட்டவன்" என்றார் மக்வினி.

போதகர் கால்ட் சபையின் பதிவேட்டைத் திறந்தார். நூற்றைம்பது வருடத்துப் புத்தகம் அது. ஓய்வுநாளில் தண்ணீர் சுமந்தவள், திருவிருந்துக்குக் குடித்துவிட்டு வந்தவன் என்று எல்லாரும் அதில் பெயரோடு இருந்தார்கள். பேரப்பிள்ளைகள் இன்னும் அதைச் சொல்லிச் சண்டை போடுவார்கள்.

"சரி, எழுதிக்குவோம்" என்று கால்ட் இறகுப் பேனாவை மையில் தோய்த்தார். "குற்றம் சொன்னா வார்த்தைக்கு வார்த்தை பதியணும், அதுதான் முறை. 'மக்வினி வீட்டு...' நேதன், பேருக்கு முன்னாடி மூப்பர்னு சேத்துக்கவா?"

"அதையெல்லாம் எதுக்கு எழுதணும் ஐயா?"

"எழுதாம எப்படித் தண்டிக்கிறது? கூடப் பாடினவங்க பேரும் வேணும். கீழ்க்குரல் மேல பீடம் வரைக்கும் கணீர்னு கேட்டுச்சு."

மக்வினி மேஜையைப் பார்த்தார்.

காது கேளாத கிழ மூப்பர் வைலி இவர்கள் முகங்களை மாறி மாறிப் பார்த்துவிட்டு, "என்ன தகராறு? சங்கீதம் நல்லாத்தானே போச்சு? நான் புத்தகத்தைப் பாத்து ஒரு வரி விடாமப் பாடினேனே!" என்றார்.

"அன்னைக்குச் சங்கீதம் பாடினது நீங்க ஒருத்தர்தான், வைலி" என்று கால்ட் அவர் காதில் கத்தினார்.

மக்வினி தொண்டையைச் செருமினார். "நாக்கு தவறுறது மனுஷ இயல்பு. ஆடமுக்கு இது முதல் தடவை வேற. விட்டுடலாம்."

பதிவேட்டில் அந்த நாளுக்கு ஒரே வரிதான் இருக்கிறது: 'மூப்பர்கள் கூடினர், ஜெபத்துடன் கலைந்தனர்.'

அடுத்த ஞாயிறு எஸ்லர் கூண்டில் எழுந்து நின்று, இசைக்கவையைத் தட்டிக் கேட்டார். முதல் வரியைப் பாடினார். சபை உடனே தொடரவில்லை. வந்தது சங்கீதம்தானா என்று ஒவ்வொருவரும் மனதுக்குள் சரிபார்த்துக்கொண்டு, ஒரு மூச்சு கழித்துத்தான் வாயைத் திறந்தார்கள். அதற்குப் பிறகு அவர் எடுத்துக்கொடுத்த பதினாறு வருடமும் அந்த ஒரு மூச்சு இடைவெளி அப்படியே நின்றுவிட்டது. வெளியூரிலிருந்து வருகிற போதகர்கள் அதைப் பக்தி என்று நினைத்துப் பாராட்டிவிட்டுப் போவார்கள்.