எண்ணெய் தேய்க்கையில் பேசக்கூடாது

சூரமங்கலத்தில் இன்பமேரி கறுப்புக் குடையோடு ஒரு தெருவுக்குள் திரும்பினால் போதும், நோயாளிகளெல்லாம் எழுந்து உட்கார்ந்துவிடுவார்கள். மாதக்கணக்கில் படுத்தே கிடந்த மிக்கேல், அவள் வருவதை ஜன்னலில் பார்த்துவிட்டு, பையைத் தூக்கிக்கொண்டு செவ்வாய்ப்பேட்டைக்கு மளிகை வாங்கக் கிளம்பினான். அவள் அடுத்த தெருவுக்குத்தான் போகிறாள் என்று தெரிந்த பிறகே திரும்பி வந்து படுத்தான்.

சாகக் கிடப்பவர்களுக்குத் துணையிருப்பது அவள் வேலை. புருஷனுக்கு அப்படி இருந்து பழகியவள், பிறகு கூப்பிட்ட வீட்டுக்கெல்லாம் போனாள். வாயை நனைப்பாள், புரட்டிப் படுக்கவைப்பாள், அழுகிற சொந்தக்காரர்களைக் காபி போட அடுப்படிக்கு விரட்டுவாள். சுவரில் மாதா படமா மாரியம்மன் படமா என்று பார்க்கமாட்டாள், கட்டிலைத்தான் பார்ப்பாள்.

அறுபத்திரண்டாம் வருஷ மழைக்காலத்தில், ரயில்வேயில் இருந்த பாக்கியநாதன் படுத்தார். டாக்டர் கையை விரித்துவிட்டார். அவர் மனைவி ஞானமேரி, இன்பமேரியைப் பின்வாசல் வழியாக அழைத்துவந்தாள்.

“அக்கா, அவருக்கு ஒண்ணும் தெரியாதுங்க. புளி கொட்டை எடுக்க வந்தேன்னு சொல்லிடுங்க.”

இன்பமேரி முறம் நிறையப் புளியோடு கட்டிலருகே உட்கார்ந்தாள். ஞானமேரி கஞ்சி எடுக்கப் போனதும் பாக்கியநாதன் ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

“புளி நல்லா இருக்குங்களாக்கா?”

“நல்லா இருக்குது தம்பி. உங்களுக்குத்தான் எல்லாம் தெரிஞ்சிருக்குதே!”

“சர்ச்சுலருந்து சாமியாரை வரச்சொல்லணும். அதுக்கு முன்னால இவகிட்ட நாலு வார்த்தை பேசணும். வாயைத் திறந்தா அடைச்சிடறா. சொல்லாமயே போயிருவேனோன்னுதான் பயமா இருக்குது.”

கஞ்சி வந்தது. “ஞானம், நான் போன பொறவு...” என்று ஆரம்பித்தார்.

“எங்க போறீங்க? கிறிஸ்துமஸுக்குக் கறி வாங்கத்தான் போறீங்க!”

இன்பமேரி முறத்தைக் கீழே வைத்தாள். பொய் சொல்லப்போகிற பொலிவு அவள் முகத்தில் வந்தது.

“ஞானம், நல்லெண்ணெயச் சூடு பண்ணி எடுத்துட்டு வா. காலுக்குத் தேச்சா நோவு குறையும். ஆனா தேய்க்கறவங்க பேசக்கூடாது. பேசினா எண்ணெய் உள்ள இறங்காது.”

“யாரு சொன்னா?”

“இளம்பிள்ளைப் பக்கமெல்லாம் இப்படித்தான்.”

இளம்பிள்ளைக்கு அவள் சேலை வாங்கக்கூடப் போனதில்லை.

ஞானமேரி உதட்டைக் கடித்துக்கொண்டு தேய்த்தாள். பாக்கியநாதன் பேசினார். கோபத்தில் அவளை ஒருமுறை தாய்வீட்டுக்கு அனுப்பியதற்கு மன்னிப்புக் கேட்டார். மகன் கூப்பிட்டால் வீம்பு பண்ணாமல் போய் இருக்கச் சொன்னார்.

“அப்புறம் ஞானம், கல்யாணமான நாளா உன் கறிக்குழம்புல உப்பு ஜாஸ்தி. ஆசையா ஊத்தறியேன்னு சாப்பிட்டுட்டேன். உன்னை விட்டுட்டுப் போறதுதான் கஷ்டமா இருக்குது.”

கண்ணீர் எண்ணெயில் சொட்டியது. ஞானமேரியின் வாய் துடித்தது. பாதமே தேய்ந்துபோகிற மாதிரி தேய்த்தபடி இன்பமேரியைப் பார்த்தாள்.

“போதும். இப்பப் பேசு.”

“இன்னும் ஊத்து, இன்னும் ஊத்துன்னு நீங்க கேட்டதாலதான் உங்களுக்கு உப்புப் புடிக்கும்னு அள்ளிப் போட்டேன்! எனக்கே அதை வாயில வைக்க முடியாதுங்க!”

பாக்கியநாதன் இருமும் வரை சிரித்தார். ஞானமேரி அந்த எண்ணெய்க் காலிலேயே முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

“நீங்க இல்லாம நான் எப்படிங்க இருப்பேன்?”

அவர் போய்விடுவார் என்ற பேச்சு அவள் வாயிலிருந்து அன்றுதான் முதல் தடவையாக வந்தது. சாமியாரைக் கூட்டிவர அவளே முன்வாசல் வழியாகப் போனாள். அந்த வாரம் முடிவதற்குள், அவள் கையைப் பிடித்தபடியே அவர் போய்ச்சேர்ந்தார்.

அதற்குப் பிறகு இன்பமேரி போகிற வீடுகளுக்கு ஞானமேரியும் துணைக்குப் போனாள். எண்ணெய்க் கிண்ணம் வந்ததும், “உஸ்! பேசினா இறங்காது!” என்று எல்லோரையும் அதட்டுவாள், மூலையில் உட்கார்ந்திருக்கும் இன்பமேரியையும் சேர்த்துத்தான்.