சின்னக் கப்பலில் நான் கேட்ட கேள்வி

நாம் நாலு பேரும் கப்பலில் போய்வந்த அந்த மூன்று நாளில் உங்கப்பா நான் ஒரு ஆளைப் பழி வாங்கினேன். அதை மறைக்க எனக்கு விருப்பமில்லை. மதியச் சாப்பாட்டு மேசையில் நான் ஒரு கேள்வி கேட்டதையும், அதுக்கப்புறம் அங்கே நடந்ததையும் நீங்கள் ரெண்டு பேரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தீர்கள். "ஏம்ப்பா அந்த அங்கிள் சாப்பாட்ட அப்படியே வெச்சிட்டுப் போயிட்டாரு?" என்று சின்னவன் கேட்டான். அப்புறம் சொல்றேன் என்றேன். இப்போது சொல்கிறேன்.

அந்த அங்கிள் என் பழைய சூப்பர்வைசர். வல்லம் வடகாலில் நான் வேலை பார்க்கிற கம்பெனியில், கார் சீட்டுக்கு அடியில் வருகிற இரும்புத் தாங்கி செய்கிறோம். பிராக்கெட் என்று சொல்வோம். இடது பக்கத்துக்கு ஒன்று, வலது பக்கத்துக்கு ஒன்று. பார்வைக்கு ரெண்டும் ஒன்றேதான். ஒரே ஒரு ஓட்டை மட்டும் கொஞ்சம் தள்ளி இருக்கும். ஷிப்ட் முடிகிற நேரத்தில், கை ஓய்ந்துபோய், இடது வைக்க வேண்டிய இடத்தில் வலதை வைத்துவிடுவோம். அத்தனையும் திரும்பி வரும். அத்தனைக்கும் திட்டு வாங்குவோம்.

பெரியவளே, நீ அப்போது மூன்றாவது படித்தாய். ஒரு நாள் காலையில் ஸ்கூல் வேன் வாசலில் ஹார்ன் அடிக்கிறது, நீ ஒரு கையில் நோட்டை வைத்துக்கொண்டு இன்னொரு கையால் டிபன் டப்பாவை மூடப் பார்க்கிறாய். மூடி உட்காரவே இல்லை. அந்த மூடியில் ஒரு பக்கம் மட்டும் நாக்கு மாதிரி ஒன்று இருக்கும். அது சரியான பக்கம் வந்தால்தான் மூடும். திருப்பி வைத்தாய், டக்கென்று மூடிக்கொண்டது. கம்பெனி பஸ்ஸில் ஒரகடம் தாண்டுகிற வரைக்கும் எனக்கு அந்த மூடிதான் ஞாபகம்.

பிராக்கெட்டை வைத்து வேலை செய்கிற அச்சில், வேஸ்ட்டாகக் கிடந்த நைலான் துண்டைச் சீவி, முளை மாதிரி ஒரு பின் அடித்தேன். சரியான பிராக்கெட்டின் ஓட்டை மட்டும் அந்தப் பின்னில் இறங்கும். தப்பானதை வைத்தால் உட்காராது. முதலில் பின்னை நேராகத்தான் அடித்தேன். ரெண்டே நாளில் என் மணிக்கட்டு வீங்கிவிட்டது. அம்மா தைலம் தேய்த்தாள். அப்புறம் அதைப் பிடுங்கி, கொஞ்சம் சாய்த்து அடித்தேன். அந்த மாதம் முழுக்க ஒரு பீஸ்கூடத் தப்பாகப் போகவில்லை.

இந்த மாதிரி யோசனை சொன்னால் ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டும். கைசன் ஷீட் என்பார்கள். சூப்பர்வைசர் சொன்னார்: "தமிழ்ல எழுதினா மேல போவாதுப்பா. நான் இங்கிலீஷ்ல எழுதிடறேன். நீ சைன் மட்டும் போடு." தாளில் ஒரு கட்டத்தை விரலால் காட்டினார். நான் பத்தாவது பாஸ். எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். ஆனால் அன்றைக்கு நான் பார்த்தது எழுத்தை இல்லை, அவர் விரலை. விரல் காட்டின இடத்தில் கையெழுத்துப் போட்டேன். அது 'செய்து பார்த்தவர்' என்கிற கட்டம். 'யோசனை சொன்னவர்' என்கிற கட்டம் மேலே இருந்தது. அதில் அவர் பேர்.

அந்த வருஷம் முதல் பரிசு, குடும்பத்தோடு பெரிய கப்பலில் பயணம். ஷீட் கொடுத்த அன்றைக்கே நான் வீட்டுக்கு வந்து, "நாம கப்பல்ல போகப் போறோம்" என்று உன்னைத் தூக்கிச் சுற்றினேன். அது என் தப்பு. நீ மறுநாளே கிளாஸ் முழுக்கச் சொல்லிவிட்டாய்.

கப்பலில் அவர்தான் போனார். டைம் ஆபீஸ் பக்கத்து போர்டில் அவர் போட்டோவை மாட்டினார்கள்: மாலை, சால்வை, கையில் என் பின் அடித்த அச்சு. தினமும் பஞ்ச் அடிக்கும்போது அந்த முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் நான் லைனுக்குப் போக வேண்டும். உன் கிளாஸில் உனக்குக் கப்பல் என்றே பேர் வைத்தார்கள். "கப்பல் வருது, வழி விடு", "கப்பல், இன்னிக்கு எந்த ஊரு?" மூன்று வருஷம். நீ பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு அழுதது அம்மாவுக்குத் தெரியும். ஒரு நாள் என்னிடமே கேட்டாய்: "பொய் சொல்லக் கூடாதுன்னு நீதானப்பா சொல்லுவ?"

அவரிடம் போய்க் கேட்டேன். "இன்னாப்பா, நீதானே சைன் போட்டே? டீம் ஒர்க்னு ஒண்ணு கீதுல்ல?" என்றார். மேஜை டிராயரைத் திறந்து, கப்பலில் வாங்கின சங்கு வைத்த சாவிக்கொத்து ஒன்றை எடுத்து நீட்டினார். "இந்தா, கொழந்தைக்குக் குடு." வாங்கினேன். அவர் பார்க்கப் பார்க்கவே ஸ்கிராப் தொட்டியில் போட்டேன்.

அன்றிலிருந்து ஆயுத பூஜைக்கு அவர் கையால் கொடுத்த பொரியைக்கூட நான் வாங்கியதில்லை. ஒரு தடவை அவர் வண்டி டயரில் காற்றைப் பிடுங்கலாமென்று குனிந்தேன். சே, இது போதாது என்று எழுந்துவிட்டேன். நல்ல புத்தி வந்து எழுந்தேன் என்று நினைக்காதீர்கள். இது ரொம்பச் சின்னதாக இருந்தது, அதனால்தான். அதற்கப்புறம் என் மண்டையில் எத்தனையோ யோசனை வந்தது. ஒன்றையும் கம்பெனிக்குக் கொடுக்கவில்லை.

போன வருஷம் புதிதாக வந்த எச்.ஆர். மேடம், ஷீட்டைத் தமிழிலேயே எழுதலாம், யோசனை சொன்னவர் போட்டோவை அதிலேயே ஒட்ட வேண்டும் என்று மாற்றினார். அப்போதுதான் இன்னொன்று எழுதிக் கொடுத்தேன். பரிசு வந்தது. எனக்கும், இன்னும் மூன்று பேருக்கும். இந்தத் தடவை சின்னக் கப்பல். சென்னைத் துறைமுகத்திலிருந்து கிளம்பி, கடலில் சுற்றிவிட்டு, மூன்றாம் நாள் அங்கேயே வந்து சேரும். கம்பெனி சார்பில் கூட வருகிறவர் யாரென்று பார்த்தால், அதே சூப்பர்வைசர். இப்போது அசிஸ்டென்ட் மேனேஜர். மனைவியையும் இன்ஜினியரிங் படிக்கிற மகளையும் கூட்டி வந்திருந்தார்.

துறைமுகத்தில் கப்பலைப் பார்த்ததும் சத்தமாகச் சிரித்தார். "பெரிய கப்பல்ல போனவனுக்கு இது பரிசல் மாதிரி கீது. அதுல லிஃப்டே பத்துப் பன்னெண்டு இருந்துச்சுப்பா!"

சின்னவன் என் சட்டையைப் பிடித்து இழுத்தான். "இதுல நீச்சல் குளம் இருக்காப்பா?"

"லிஃப்டே இல்லடா."

"அப்ப இன்னா தான் கீது?"

"கடல் கீது, போ" என்றாள் அம்மா.

உள்ளே போனதும் எனக்கு அந்தக் கப்பல் பிடித்துவிட்டது. கைப்பிடிக் கம்பியின் வெல்டிங்கைத் தடவிப் பார்த்தேன். சுத்தமான வேலை. நம் அறையில் ரயில் பெர்த் மாதிரி நாலு படுக்கை, ஒரு வட்ட ஜன்னல். தண்ணீர் ஜன்னலுக்குக் கொஞ்சம் கீழேயே ஓடும். கை நீட்டினால் நனையும் போல இருக்கும். கிளம்பி கொஞ்ச நேரத்தில் ஆட ஆரம்பித்தது. தட்டு வழுக்காமல் இருக்க மேசைமேல் ரப்பர் விரித்திருந்தார்கள். அம்மா எலுமிச்சம்பழத்தை மூக்கிலிருந்து எடுக்கவே இல்லை. மேல்தளத்தில் நின்றால் பறவைக்கோலா மீன் தண்ணீரைவிட்டு எழும்பிப் பறப்பது பக்கத்தில் தெரியும். சின்னவன் நீச்சல் குளத்தை மறந்தே போனான்.

இன்னொன்றும் பிடித்தது. அங்கே சாப்பிட ஒரே ஒரு ஹால், ஆறே மேசை. தரையோடு போல்ட் போட்ட மேசைகள். பெரிய கப்பலில் ஒரு ஆளுக்கு ஒளிந்துகொள்ள எவ்வளவோ இடம் இருக்கும். இதில் கிடையாது. காலையில் பார்க்கிற முகத்தைத்தான் மதியமும் பார்க்க வேண்டும், ராத்திரியும் பார்க்க வேண்டும்.

முதல் நாள் எல்லாரையும் மேல்தளத்தில் நிற்க வைத்து, மிதவைச் சட்டை மாட்டிக் காட்டினார் ஒரு மாலுமி. அதன் கொக்கி ஒரு பக்கம்தான் மாட்டும், அவசரத்தில்கூடத் தப்பாகப் போட முடியாது என்று திருப்பித் திருப்பிக் காட்டினார். சூப்பர்வைசர் மகள் துள்ளினாள். "அப்பா! உங்க ஐடியா மாதிரியே இருக்குப்பா!"

"ஆமாமா" என்றார் அவர். என் பக்கம் திரும்பவில்லை. தன் சட்டையின் வாரை இழுத்து இழுத்துச் சரி செய்துகொண்டே இருந்தார். அப்போதே நான் முடிவு பண்ணிவிட்டேன்.

மறுநாள் மதியம். நாமும் அவர்களும் ஒரே மேசை. கூட வந்திருந்த எச்.ஆர். மேடமும் அதில்தான். மேடம், "சார் ஐடியாதான் நம்ம பிளான்ட்லயே பெஸ்ட்னு சொல்வாங்க. பிள்ளைங்களுக்குச் சொல்லுங்க சார்" என்றார். அவர் முதலில் கூச்சப்படுகிற மாதிரி கையை ஆட்டினார். அப்புறம் ஆரம்பித்தார். "ஒரு நாள் நான் லைன்ல நின்னுக்கினு இருக்கேன். திடீர்னு தோணுச்சு..." மகள் அந்தப் பழைய போட்டோவைப் போனில் எடுத்து எல்லாருக்கும் காட்டினாள். அவள் முகத்தில் அவ்வளவு பெருமை. அவள்மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை.

அவர் சொல்லி முடித்தார். எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

"சார், எனக்கு ஒரு டவுட்டு சார்" என்றேன்.

"கேளுப்பா."

"அந்தப் பின்னை ஏன் சார் சாய்ச்சு வெச்சீங்க? நேரா வெச்சிருக்கலாமே?"

அவர் தண்ணீர் குடித்தார். "அது வந்து... லோடு டிஸ்ட்ரிபியூஷன்."

"நைலான் பின்ல இன்னாப்பா லோடு?" என்றாள் மகள். போட்டோவை விரலால் பெரிதாக்கினாள். "ஆமா, சாய்ஞ்சுதான் இருக்கு. நான் தப்பா ஃபிட் பண்ணிட்டாங்கன்னு நெனச்சேன். ஏம்ப்பா சாய்ச்சீங்க?"

அவர் என்னைப் பார்த்தார். மூன்று வருஷத்தில் அன்றைக்குத்தான் நேராகப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொன்னால் அவர் தப்பித்துவிடலாம். 'சார் மறந்திருப்பாரு' என்று சொல்லியிருந்தால் போதும். நான் அப்பளத்தை உடைத்து ரசம் சாதத்தில் போட்டேன். கப்பல் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. யாரோ வைத்த கரண்டி தரையில் விழுந்து உருண்டது. அதை எடுக்கவும் யாரும் குனியவில்லை.

என் கணக்கு அதோடு சரி. அதற்குமேல் நான் ஒன்றும் ஏற்பாடு செய்திருக்கவில்லை. பெரியவளே, நீதான் வாயைத் திறந்தாய்.

"எனக்குத் தெரியும்க்கா. ஒரு கையால பிராக்கெட்ட எடுக்கறப்ப யாரும் மேல தூக்க மாட்டோம், நம்ம பக்கம்தான் இழுப்போம். பின்னு நேரா இருந்தா மாட்டிக்கும். எங்கப்பாவுக்கு ரெண்டே நாள்ல கை வீங்கிடுச்சு. அம்மா தைலம் தேச்சாங்க. அதுக்கப்புறம்தான் சாய்ச்சாரு."

"உங்கப்பாவா?" என்றாள் அந்தப் பெண். போனைக் கவிழ்த்து வைத்தாள். தன் அப்பாவைப் பார்த்தாள். அவர் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தார். கம்பியைப் பிடித்துப் பிடித்து வெளியே போனார்.

எனக்கு இனித்தது. அன்றைக்கு ரசம் சாதம் ரெண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டேன். ராத்திரிச் சாப்பாட்டுக்கு அந்தப் பெண் வேறு மேசையில் போய் உட்கார்ந்தாள். அவரோடு அவர் மனைவி மட்டும். அந்த அம்மா தலையே நிமிரவில்லை. அதைப் பார்க்கத்தான் ஒரு மாதிரி இருந்தது. இருந்தாலும் நான் இடம் மாறி உட்காரவில்லை. அவருக்கு எதிரே, முகம் தெரிகிற மாதிரியே உட்கார்ந்தேன்.

மூன்றாம் நாள் காலை மேல்தளத்தில் நின்றிருந்தேன். அவர் வந்தார். வாந்தி எடுத்து எடுத்து முகம் வெளுத்திருந்தது. பெரிய கப்பல் இவ்வளவு ஆடாது போலிருக்கிறது.

"போதுமாப்பா உனக்கு?" என்றார்.

நான் கம்பியின் வெல்டிங்கைத் தடவிக்கொண்டு நின்றேன்.

"ஆபீஸ் போனதும் போர்டுல இருக்கற போட்டோவ எடுத்துடறேன். உன் பேரப் போடச் சொல்றேன்."

"வேணாம் சார். அது அங்கியே தொங்கட்டும்."

"அப்ப இன்னாதான் வேணும்?"

நீங்கள் ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளி மீன் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். கை காட்டினேன். "அவகிட்ட சொல்லுங்க."

"கொழந்தைகிட்டயா?"

"கொழந்தைதான் சார் மூணு வருஷமா பேச்சு வாங்கிச்சு."

அவர் நின்றார். அப்புறம் நடந்தார். கப்பல் ஆடினதால் ரெண்டு கையாலும் கம்பியைப் பிடித்துக்கொண்டு உன் உயரத்துக்குக் குனிய வேண்டியிருந்தது. "உங்கப்பா பொய் சொல்லலம்மா. அது அவரு ஐடியாதான். நான்தான் என் பேர்ல போட்டுக்கினேன்" என்றார். காற்றில் சரியாகக் கேட்காதோ என்று பக்கத்திலேயே போய் நின்றேன். கேட்டது.

பரவாயில்லை அங்கிள் என்று நீ சொல்வாய் என்று நினைத்தேன். அம்மா உன்னை அப்படித்தான் வளர்த்திருக்கிறாள்.

"எங்க கிளாஸ்ல வந்து சொல்வீங்களா அங்கிள்?" என்றாய்.

அவர் கடலைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன். நான் மூன்று வருஷமாக யோசித்தும் எனக்குத் தோன்றாத கேள்வி அது.

ஸ்கூல் திறந்து ஒரு வாரம் வரைக்கும் நீ சாயங்காலம் சாயங்காலம், "அங்கிள் வருவாராப்பா?" என்று கேட்டாய். அப்புறம் கேட்பதை விட்டுவிட்டாய். நீயே கப்பல் போட்டோவை எடுத்துக்கொண்டு போய்க் காட்டினாய். "சின்னக் கப்பல்தானே" என்றார்களாம். அவர் வரவில்லை. வரமாட்டார் என்று எனக்கு அன்றைக்கே தெரியும்.

போட்டோவை மாற்ற ஒரு லெட்டர் எழுதிக் கொடுங்கள் என்று மேடம் என்னிடம் ரெண்டு தடவை கேட்டுவிட்டார். இருக்கட்டும் மேடம் என்று சொல்லிவிட்டேன். "விட்ருங்க, போதும்" என்கிறாள் அம்மா. விட முடியவில்லை. மாலையும் சால்வையுமாக அது அங்கேயேதான் தொங்குகிறது. பஞ்ச் அடிக்கும்போது தினமும் நான் பார்க்கிறேன். அவர் இப்போது டைம் ஆபீஸ் பக்கமே வருவதில்லை. லாரி வருகிற பின் கேட் வழியாகச் சுற்றிக்கொண்டு உள்ளே வருகிறார்.