இரண்டு நாடுகளுக்கு விளையாடிய மாமா

என் மாமா இரண்டு நாடுகளின் கிரிக்கெட் அணிகளில் விளையாடியவர். இப்போது இதைச் சொன்னால் கேட்பவர்கள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். இரண்டையும் கூட்டினாலும் ஒரு வாரத்துக்கு மேல் வராத விளையாட்டு அது என்பதை நான் உடனே சொல்வதில்லை.

இலங்கை அணியோடு ஒருமுறை வெளிநாடு போனார். முதல் ஆட்டத்தை மழை கொண்டுபோனது. இரண்டாவதில் மறுமுனையில் நின்றவர் ஓடிவரச் சொல்லிவிட்டுத் தான் அசையாமல் நின்றதால், மாமா பாதி வழியில் ஆட்டமிழந்தார். மூன்றாவதுக்கு அவரை ஒருவரும் கூப்பிடவில்லை. அதற்குள் நாட்டில் யுத்தம் என்ற பெரிய ஆட்டம் தொடங்கிவிட்டது.

தொண்ணூறுகளில் அவர் இத்தாலியில், பலெர்மோ நகரத்தில் எங்களோடு இருந்தார். சீசா என்ற பகுதியில் எங்கள் வீடு. பொலிதேயாமாப் பக்கம், சிஞ்ஞோரா என்று எல்லோரும் கூப்பிடும் ஒரு வயதான சீமாட்டியின் வீட்டில் அவருக்கு வேலை. சமைப்பார், துடைப்பார், சிஞ்ஞோராவின் நாயைக் காற்று வாங்கக் கூட்டிப்போவார். மாமி ஊரில். யாழ்ப்பாணத்தை விட்டு எல்லோரும் இடம்பெயர்ந்தபோது அவவும் வன்னிக்குப் போய், ஒரு கொட்டிலில் இருந்தா. அவவை இத்தாலிக்குக் கூப்பிட வேண்டும் என்பதைத் தவிர மாமாவுக்கு வேறு எண்ணமே இல்லை. விசா விஷயங்களைப் பார்க்கும் குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகத்தின் படிகளில் ஏறி இறங்கிச் செருப்புத் தேய்ந்ததுதான் மிச்சம்.

ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆட்கள் பெரிய பூங்காவில் கிரிக்கெட் அடிப்பார்கள். இத்தாலிய அணிக்கு ஆள் தேடி ரோமிலிருந்து வந்த மேலாளர் அங்கேதான் மாமாவைப் பார்த்தார். அவருக்கு மாமாவின் ஆட்டம் பிடித்துப்போனது. பலெர்மோவில் நடக்கப்போகும் ஆட்டத்தில் இத்தாலிக்காக விளையாடினால், மாமியின் விஷயத்தை ரோமில் தானே எடுத்துப் பேசுவதாக வாக்குக் கொடுத்தார். மாமாவுக்கு அது போதும். அந்த மனிதர் ஒற்றைக் காலில் நிற்கச் சொல்லியிருந்தாலும் நின்றிருப்பார்.

இத்தாலிய தேசிய கீதத்தை அவருக்குச் சொல்லிக்கொடுத்தது நான்தான். எனக்கு அப்போது ஏழு வயது. முதல் நாட்டின் கீதத்தைச் சிங்களத்தில் பொருள் தெரியாமல் பாடினாராம். இரண்டாவதையும் அப்படியே பாடமாக்கினார்.

ஆட்டத்துக்கு இரண்டு நாள் முன்னர் கொழும்பிலிருந்து தொலைபேசி வந்தது. மாமா வேலையில் இருந்தார். மாமி மலேரியாவில் செத்துப்போனா. வன்னியிலிருந்து செய்தி கொழும்புக்கு வந்துசேர்வதற்குள் எட்டாம் நாள் சடங்கான எட்டுச்செலவும் முடிந்திருந்தது. இதெல்லாம் நான் பிற்பாடு அறிந்தது. அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், அப்பாவும் அம்மாவும் குசினிக் கதவைச் சாத்திக்கொண்டார்கள் என்பதுதான்.

எங்கள் ஆட்கள் சாவைச் சட்டென்று சொல்லமாட்டார்கள். முதலில் சுகமில்லை என்பார்கள், பிறகு கடுமை என்பார்கள், கேட்பவர் தானாக விளங்கிக்கொள்ளும்வரை காத்திருப்பார்கள். அப்பா அந்த வழக்கத்தை இன்னும் இரண்டு நாள் இழுத்தார். அம்மா மறித்துப் பார்த்தா.

"அவன் அவளுக்காகத்தானே விளையாடுறான்," என்றா.

"ஆட்டம் முடியட்டும். இப்ப சொன்னால் செத்தவள் எழும்பி வரப்போறாளே? அவனுக்காவது ஒரு பேர் கிடைக்கட்டும்," என்றார் அப்பா.

அப்பா கெட்டவர் இல்லை. நன்மை செய்வதாகவே நினைத்தார்.

ஞாயிறு காலை மாமா தலை முழுகி, வெள்ளைக் காற்சட்டையும் சட்டையும் போட்டுக்கொண்டு சுவாமித் தட்டுக்கு முன்னால் வந்து நின்றார். சாவு நடந்த வீட்டுத் துடக்குக்காரர் அந்தத் தட்டுக்குக் கிட்டப் போகக்கூடாது. வேண்டாம் என்று தடுக்க அம்மாவால் முடியுமா? மாமா தன் கையாலேயே கற்பூரம் கொளுத்தினார். மாமி சுகமாக வந்துசேர வேண்டும் என்று வாய்விட்டுக் கும்பிட்டார். அம்மா குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டா. நேரமாகிறதே என்று நான் கதவைத் தட்டிக்கொண்டு நின்றேன்.

பூங்காவில் புல்லின் மேல் தும்புப் பாய் விரித்து ஆடுகளம் செய்திருந்தார்கள். மாமா கீதத்தை ஒரு சொல் பிசகாமல் பாடினார். பிறகு துடுப்பைப் பிடித்தார். அப்படி ஒரு ஆட்டத்தை அவர் அதற்கு முன் ஆடியதில்லை. அரைச்சதம் அடித்ததும் எங்கள் பக்கம் திரும்பித் துடுப்பை உயர்த்திக் காட்டினார். அப்பா எழும்பி நின்று கைதட்டினார். அம்மாவும் தட்டினா. அவவின் கன்னம் நனைந்திருந்ததை மாமா கண்டிருப்பார். சந்தோஷம் என்று எடுத்துக்கொண்டிருப்பார்.

ஆட்டம் முடிந்து மேலாளர் அவரைக் கட்டிப்பிடித்துப் புகழ்ந்த பிறகு, அப்பா அவரை மரங்களுக்குக் கீழே கூட்டிப்போனார். சுகமில்லை, கடுமை என்றெல்லாம் தொடங்கினார். மாமா இடையில் கையைக் காட்டி நிறுத்திவிட்டு அம்மாவிடம் வந்தார்.

"அக்கா, உங்களுக்கு முதலே தெரியுமோ?"

அம்மா ஓம் என்று தலையை ஆட்டினா.

"தெரிஞ்சுகொண்டோ கைதட்டினனீங்கள்?"

அம்மா இரண்டு கைகளையும் சேலைக்குள் மறைத்துக்கொண்டா.

எனக்கு மாமிக்குச் சுகமில்லை என்று மட்டும் சொன்னார்கள். சின்னப்பிள்ளைக்கு அது போதும் என்று விட்டிருக்க வேண்டும். மாமா வேலைக்குப் போகவில்லை. அந்த வெள்ளை உடுப்பையும் கழற்றவில்லை. பல்கனியில் ஒரு கதிரையில் இருந்து கீழே போகும் பஸ்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். இத்தாலிக்கு விளையாடிய பெருமையில்தான் சட்டையை மாற்றாமல் இருக்கிறார் என்று நான் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் சொன்னேன். அதற்குப் பிறகு அவர் துடுப்பைத் தொடவில்லை.

அந்தக் கிழமையே ரோமிலிருந்து தொலைபேசி வந்தது. பேசியவர் மேலாளர். அவருடைய வேகமான இத்தாலியன் அப்பாவுக்குப் பிடிபடவில்லை. வழக்கம்போல் என்னைக் கூப்பிட்டுக் கையில் தந்தார்கள். மேலாளர் சொன்ன வாக்கைக் காப்பாற்றிவிட்டார். மாமியை இத்தாலிக்குக் கூப்பிட அனுமதி கிடைக்குமாம். நான் அப்பாவிடம்கூடச் சொல்லாமல் பல்கனிக்கு ஓடினேன்.

"மாமா, மாமி இஞ்சை வரலாமாம்."

மாமா என்னைப் பார்த்தார். பிறகு திரும்பவும் தெருவைப் பார்த்தார்.

அவருக்குச் சரியாகக் கேட்கவில்லை என்று நினைத்தேன். கிட்டப் போய், இன்னும் உரத்துச் சொன்னேன்.