தொட்டிக்காரர் சைலன்சர் வாங்கிய கதை

தொட்டிக்காரர் வருவதற்கு முன்னால் அவருடைய வண்டி வந்துவிடும். வண்டிக்கு முன்னால் அதன் சத்தம் வந்துவிடும். மேட்டின் அடியில் முதல் வளைவில் அது திரும்பும்போதே, உச்சியிலிருக்கும் வீட்டில் மகள் எழுந்து போய் அடுப்பில் தண்ணீர் வைப்பாள். மூன்று வளைவும் ஏறி அவர் வாசலில் இறங்கவும் தண்ணீர் கொதிக்கவும் சரியாக இருக்கும்.

"இப்படி ஒரு வசதி எந்த வீட்டுலப்பா இருக்கு?" என்பாள். அவர் அதைப் பாராட்டு என்றே எடுத்துக்கொண்டார்.

ஐம்பத்தாறு வயது. அதில் முப்பது வருடம் ஏதாவது ஒரு ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே போனது. முதலில் தண்ணீர் லாரி, பிறகு ஜல்லி லாரி. கடைசியில் ஒரு பழைய பிக்கப்பைச் சொந்தமாக வாங்கி, வீட்டின் பின்பக்கம் செடி வளர்த்து விற்க ஆரம்பித்தார். செடியைவிடத் தொட்டி அதிகம் விற்றது. பெயரும் அப்படியே ஒட்டிக்கொண்டது. சிமெண்டுத் தொட்டிகளும் ஈர மண் மூட்டைகளும் கீழேயிருந்து மேலே வந்தாக வேண்டும். பிக்கப்புக்கு இப்போது வயது இருபத்திரண்டு. அதன் உடம்பில் எங்கே என்ன கோளாறு என்று காதாலேயே சொல்லிவிடுவேன் என்பது அவருடைய பெருமை. பேனட்டைத் திறக்கவே மாட்டார். தலையைச் சற்றுச் சாய்த்து, கண்ணை மூடி, கச்சேரிக்கு வந்தவர் போல நின்று கேட்பார்.

மனைவிக்கும் காதுதான் தொழில். வீட்டின் முன்னறையில் ஆள் ஒருவர் மட்டும் உட்காரக்கூடிய, தடித்த கதவு போட்ட ஒரு பெட்டி இருந்தது. உள்ளே நாற்காலி, ஹெட்போன், கையில் பிடிக்க ஒரு பொத்தான். வெளியே மேசையில் அவளுடைய கருவி. அவள் மெல்லிய ஒலிகளை ஒவ்வொன்றாக அனுப்புவாள். கேட்டால் பொத்தானை அமுக்க வேண்டும். பன்னிரண்டு வருடமாக ஊரில் உள்ள காதுகளையெல்லாம் பார்த்துவிட்டாள். வீட்டில் உள்ள ஒரு ஜோடிக் காது மட்டும் அந்த நாற்காலியில் உட்காரவில்லை.

அந்தப் புதன்கிழமை, இரண்டாவது வளைவில், துருப்பிடித்திருந்த சைலன்சர் இரண்டாக ஒடிந்து பின்பாதி ரோட்டில் உருண்டது. தொட்டிக்காரர் இறங்கி அதை எடுத்துத் தொட்டிகளுக்கு நடுவே வைத்துக்கொண்டு, மிச்சத்தோடு ஏறி வந்தார். முன்னறையில் பெட்டிக்குள் உட்கார்ந்திருந்த தபால்காரர் ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "என்னம்மா, ஏதோ இடியுதே" என்று வெளியே வந்துவிட்டார்.

தபால்காரர் போனதும் மனைவி வாசலுக்கு வந்தாள். குரலை உயர்த்தவில்லை. அவள் குரலை உயர்த்தாதபோதுதான் தொட்டிக்காரருக்குப் பயம்.

"திங்கக்கிழமை பள்ளிக்கூடத்துலேர்ந்து பிள்ளைங்க காதைக் காட்ட வருது. அறுபத்தோரு பேர். பத்து நாள். அதுக்குள்ள இந்த வண்டி வாயை மூடணும். இல்லன்னா மேட்டுக்கு அடியிலயே நிக்கட்டும். நீங்க தொட்டியைத் தோள்ல வெச்சுப் படியேறி வாங்க."

"நூத்திப் பன்னெண்டு படி."

"எண்ணி வெச்சிருக்கீங்களே. நல்லதாப் போச்சு."

ஏதோ ஒரு சைலன்சரை மாட்டிவிட்டால் தீர்ந்துவிடுகிற விஷயமாக இது இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் அப்படி ஒன்றை மாட்டியிருந்தார். பூனை போல ஓடியது வண்டி, சமதரையில். மேட்டில் ஏறும்போது மூச்சு முட்டியது. முழுப் பாரத்தோடு இரண்டாவது வளைவுக்கு மேல் நகரவே இல்லை. பாதித் தொட்டிகளை ரோட்டோரம் இறக்கி வைத்து, இரண்டு நடையாக ஏற்றினார். அதற்குள் நான்கு தொட்டிகள் யார் வீட்டுக்கோ போய்விட்டன. அந்த ஆத்திரத்தில் சைலன்சரைக் கழற்றி, பழையதையே மறுபடி மாட்டி, ஒட்டுப்போட்டு ஓட்டிக்கொண்டிருந்தார்.

மறுநாள் காலை சைலன்சர்க் கடைக்குப் போனார். கடைக்காரர் முப்பத்தைந்து வருடமாகக் குழாய் அறுக்கிறவர். கடைக்கூரையிலிருந்து விதவிதமான சைலன்சர்கள் தொங்கின. இருவரும் ஓரடி தூரத்தில் நின்று, ஆற்றின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் பேசுவது போலப் பேசிக்கொண்டார்கள்.

"அண்ணே, சத்தம் வரக்கூடாது. மூச்சும் அடைக்கக்கூடாது."

"ரெண்டையும் ஒண்ணா கேட்டா எப்படிண்ணே? கல்யாணமும் பண்ணிக்கணும், தனியாவும் இருக்கணுங்கிற மாதிரி இருக்கு."

ஆனாலும் விளக்கினார். உள்ளே தடுப்புத் தகடுகள் வைத்தது ஒரு வகை. புகை அதில் முட்டி மோதிக் களைத்து வெளியே வரும். சத்தம் குறையும், வண்டியும் திணறும். இன்னொன்று நேர்க்குழாய். குழாய் முழுக்கப் பொடித் துளைகள், அதைச் சுற்றிக் கண்ணாடிப் பஞ்சு. புகை தடையில்லாமல் போய்விடும், சத்தத்தைப் பஞ்சு குடித்துவிடும்.

"நீளம் கூடக் கூட நல்லா குடிக்கும். ஆனா நீளமா மாட்டணும்னா குழாயைப் பின்சக்கர அச்சுக்கு மேல வளைச்சு விடணும். பெரிய வேலை. முதல்ல இந்தக் குட்டையைப் போட்டுப் பாப்போம். சரியா இருந்தா எதுக்கு வீண் வேலை?"

குட்டையை மாட்டினார்கள். வண்டியைக் கிளப்பிவிட்டு இருவரும் பின்னால் போய் நின்றார்கள். தொட்டிக்காரர் கண்ணை மூடிக்கொண்டார். கடைக்காரரும் மூடிக்கொண்டார். அடுத்த கடையில் மருந்து விற்கும் பெண் எழுந்து வந்து கண்ணாடிக் கதவைச் சாத்தினாள்.

"ஓடுதா இல்லையான்னே தெரியலயே" என்றார் தொட்டிக்காரர்.

"நம்ம வேலை அப்படி" என்றார் கடைக்காரர்.

பெருமிதத்தோடு மேடேறினார். வண்டி கொஞ்சமும் திணறவில்லை. வாசலில் மனைவியும் மகளும் நின்றிருந்தார்கள். வரவேற்கத்தான் என்று நினைத்தார்.

"எப்பப் போடப்போறாங்க?" என்றாள் மனைவி.

"என்னது?"

"புது சைலன்சர்."

"போட்டாச்சே. இதான்."

தாயும் மகளும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். "தகரத்தை நீளவாக்குல கிழிக்கிற மாதிரி இருக்குப்பா" என்றாள் மகள்.

"கிழிக்கறதெல்லாம் ஒண்ணும் இல்ல. உள்ள உக்காந்தா லேசா ஒரு உறுமல் இருக்கு. அதை வேணா எடுக்கச் சொல்றேன்."

"உறுமலா? எனக்கு உறுமலே கேக்கலயே" என்றாள் மனைவி.

வெள்ளிக்கிழமை மறுபடி போனார். கடைக்காரரும் உள்ளே உட்கார்ந்து பார்த்து, ஆமாம், உறுமல் இருக்கிறது என்றார். வால்குழாயை ஒன்றரை அடி நீட்டி, ஓரமாகத் திருப்பிவிட்டார். உறுமல் அடங்கியது. இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள். மருந்துக்கடைக் கதவு அன்று காலையிலிருந்தே சாத்தியிருந்தது.

வீட்டில் மனைவி ஜன்னல் வழியாகவே, "அப்படியேதான் இருக்கு" என்றாள்.

தொட்டிக்காரருக்குச் சுருக்கென்றது. "நான் ஒருத்தன் சொன்னா பரவால்ல. முப்பத்தஞ்சு வருஷமா இதே வேலையா இருக்கறவர் சொல்றாரு, சத்தமே இல்லன்னு. ரெண்டு பேருக்குமா தெரியாது?"

"முப்பத்தஞ்சு வருஷமா கடையில என்ன பண்றாரு?"

"குழாய் அறுக்கறாரு. சாணை பிடிக்கறாரு. வெல்டிங்."

"காதுல ஏதாவது மாட்டிப்பாரா?"

"பென்சில் சொருகியிருப்பாரு."

மனைவி அவரை முன்னறைக்குள் கூப்பிட்டாள். பிறகு பெட்டியின் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள்.

"எனக்கு எதுக்கு?" என்றார் அவர். செடிக்குத் தண்ணீர் விட வேண்டும் என்றார். விட்டாகிவிட்டது என்றாள் மகள். மண் மூட்டை நனைகிறது என்றார். மழையே இல்லையே என்றாள். கடைசியில் உள்ளே போய் உட்கார்ந்தார்.

பெட்டியின் சிறிய கண்ணாடி வழியே மனைவியின் கை தெரிந்தது. அது குமிழைத் திருப்பும்போதெல்லாம் பொத்தானை அமுக்கினார். அவளும் ஒன்றும் தெரியாதவள் போல நடத்திக்கொண்டு போனாள். பிறகு மூன்று முறை எந்த ஒலியும் அனுப்பாமல் கையை மட்டும் அசைத்தாள். மூன்று முறையும் அவருக்குத் துல்லியமாகக் கேட்டது.

கதவைத் திறந்து, நாற்காலியைச் சுவர்ப் பக்கம் திருப்பிப் போட்டு, மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள்.

முடிந்ததும் ஒரு தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். கோடு பாதி தூரம் நேராகப் போய், பிறகு சரிந்து கீழே இறங்கியது.

"கனமான சத்தமெல்லாம் நல்லா கேக்குது உங்களுக்கு. அதான் அந்த உறுமல் உங்களுக்குப் பெருசா தெரிஞ்சிருக்கு. சன்னமா, கீச்சுனு வர்றது எதுவும் ஏறல. ஜன்னல் பக்கக் காது ரொம்ப மோசம். முப்பது வருஷம் கண்ணாடியை இறக்கிவிட்டு ஓட்டுனா வேற என்னாகும்?"

"வால்வு தட்டினா எனக்குத்தான் முதல்ல கேக்கும்."

"கடைசியா எப்பக் கேட்டுச்சு?"

யோசித்தார். கேட்டு இரண்டு மூன்று வருடம் ஆகியிருக்கும். வண்டி இப்போதெல்லாம் நன்றாக ஓடுகிறது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை பின்பக்கம் போய்த் தொட்டிகளை இடம் மாற்றி அடுக்கினார். அடுக்க வேண்டிய அவசியம் எதுவும் இருக்கவில்லை. மகள் பக்கத்தில் வந்து ஒரு தொட்டியின் மேல் உட்கார்ந்துகொண்டாள். கேலி செய்யப்போகிறாள் என்று எதிர்பார்த்தார். அவள் ஒன்றும் சொல்லாதது அவருக்கு இன்னும் சங்கடமாக இருந்தது.

"ஏதாவது சொல்லேன்" என்றார்.

"சொன்னேனேப்பா. அப்பவே ரெண்டு தடவை சொன்னேன்" என்றாள். அவர் திடுக்கிட்டு நிமிர்ந்தார். அவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தாள். பொய். இருந்தாலும் இனிமேல் எதைப் பொய் என்று அடித்துச் சொல்ல முடியும்?

சனிக்கிழமை மனைவி அவருடன் கிளம்பினாள். கடையில் தொங்கியவற்றை அவள் ஏறிட்டும் பார்க்கவில்லை. ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை வாங்கிக்கொண்டு ரோட்டின் எதிர்ப்பக்கம் போய், வீட்டு முன்னறைக்கும் வாசலுக்கும் இருக்கும் தூரத்தை அளந்து போட்டு உட்கார்ந்தாள். மடியில் சத்தம் அளக்கும் சிறு கருவி.

"என்ன தங்கச்சி, பரீட்சையா?" என்றார் கடைக்காரர்.

"உங்களுக்கும் ஒரு நாள் இருக்குண்ணே. நீங்களா வந்தா நல்லது."

கடைக்காரர் சிரித்தார். அவள் சொன்னது சரியாகக் காதில் விழவில்லை என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்தது.

இரண்டாவதாக மாட்டியது கொஞ்சம் நீளம். அவள் உதட்டைப் பிதுக்கினாள். மூன்றாவது கைநீளத்துக்குமேல் இருந்தது, முட்டை வடிவம், உள்ளே நேர்க்குழாய். குழாயைப் பின்னச்சுக்கு மேலாக வளைத்துவிட அரை நாள் ஆனது. முன்னால் இன்னொரு சிறிய உருளையையும் சேர்த்தார்கள். ஆக்சிலேட்டரை அழுத்தியபோது எதிர்ப்பக்கத்தில் அவள் கருவியைப் பார்த்தாள், பிறகு கையைத் தூக்கினாள். மருந்துக்கடைப் பெண் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தாள்.

"எனக்கு இது முதல்ல போட்டதுலேர்ந்து ஒண்ணும் வித்தியாசமா தெரியலண்ணே" என்றார் கடைக்காரர் ரகசியமாக. அது ரோட்டுக்கு அந்தப் பக்கம் வரை கேட்டது.

"எனக்கும்தான்" என்றார் தொட்டிக்காரர். "ஆனா அவ சொன்னா சரி."

அவர் வாயிலிருந்து அப்படி ஒன்று வந்ததை மனைவி காதில் வாங்கிக்கொண்டாள். வாங்கிக்கொண்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

ஞாயிற்றுக்கிழமை அவருடைய முறை. இருபது தொட்டி, எட்டு மூட்டை ஈர மண். மூச்சு விடுகிறதா என்பதற்குக் காது தேவையில்லை. அது பாதத்தில் தெரியும். மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். இரண்டாவது வளைவில் இரண்டாவது கியரிலேயே ஏறியது. ஆக்சிலேட்டருக்கு அடியில் இன்னும் இரண்டு விரல் இடம் மிச்சமிருந்தது.

"போதுமா?" என்று கேட்டாள்.

"தாராளம்" என்றார்.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு முழுப் பாரத்தோடு வந்தார். முன்னறைச் சுவரை ஒட்டிப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் வரிசையாக நின்றிருந்தார்கள். ஒருவரும் வண்டியைத் திரும்பிப் பார்க்கவில்லை. முப்பது வருடத்தில் அவர் எங்கும் இவ்வளவு மரியாதையில்லாமல் வந்து இறங்கியதில்லை. இறங்கி, வெளிக்கதவை அகலத் திறந்துவிட்டு, ஏறி உட்கார்ந்தார்.

தலையைச் சாய்த்துக் கேட்டார். ஒன்றுமில்லை. அணைந்துவிட்டது போலிருக்கிறது என்று சாவியைத் திருப்பினார்.

அவருக்குக் கேட்டது ஏதோ கரகரப்பு மட்டும்தான். ஆனால் சுவரோரம் நின்ற அத்தனை பிள்ளைகளும் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டதைப் பார்த்தார். ஓடிக்கொண்டிருக்கும் இஞ்சினில் ஸ்டார்ட்டர் பல்லைக் கடித்துவிட்டது. முன்னறை ஜன்னல் திறந்தது.

"வண்டி ஓடிக்கிட்டுத்தாங்க இருக்கு" என்றாள் மனைவி.

"தெரியும், தெரியும்" என்றார்.

ஜன்னல் சாத்தும் வரை காத்திருந்தார். பிறகு கியர்த் தண்டின் தலையில் உள்ளங்கையை மெதுவாக வைத்துப் பார்த்தார். அதிர்ந்தது. முதல் கியரைப் போட்டு வண்டியை உள்ளே விட்டார்.