ஆர்லன் மாட்டிய கைப்பிடிக் கம்பி

பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த ஆர்லன் தோர்ஸ்டட் தங்கமான மனுஷர். ஆறடி மூன்றங்குல உயரம், வெள்ளை மீசை, டுலூத் நகரம் முழுக்க முப்பது வருஷம் நடந்து தபால் கொடுத்த கால்கள். அவர் கையில் ஸ்க்ரூடிரைவரை மட்டும் கொடுத்துவிடக் கூடாது.

வந்த முதல் வாரம் சமையலறை அலமாரிக் கதவுகளைக் கழற்றிப் பெயிண்ட் அடித்தார். திரும்ப மாட்டியபோது பாதிக் கதவுகள் தலைகீழ். இரண்டாவது வாரம் முன்னறைத் தரைக்கு வார்னிஷ். வாசல் பக்கமிருந்து ஆரம்பித்து, கடைசியில் மூலையில் மாட்டிக்கொண்டு, ஜன்னல் வழியாக என் ரோஜாச் செடிமேல் குதித்தார். “சும்மா காத்து வாங்கலாம்னு வந்தேன்” என்றார், முழங்கையிலிருந்து முள்ளைப் பிடுங்கிக்கொண்டே.

சிரிப்பு வந்தாலும் அடக்கிக்கொண்டேன். அவருடைய அவசரத்துக்குக் காரணம் இருந்தது. மனைவி மார்லிஸ் இடுப்பில் அறுவைச் சிகிச்சை முடிந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். படியேற முடியாது என்றுதான் மாடிவீட்டை விற்றுவிட்டு இந்தத் தரைவீட்டை வாங்கியிருந்தார்கள். ஷவருக்குள் பிடித்துக்கொள்ள உறுதியான கம்பி இருந்தால் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு அனுப்புவோம், இல்லாவிட்டால் இரண்டு மாதம் பராமரிப்பு இல்லம்தான் என்று ஆஸ்பத்திரியில் கறாராகச் சொல்லிவிட்டார்கள். மனுஷர் என்ன செய்தார்? ஆள் கூப்பிட்டாரா? நானே மாட்டுகிறேன் என்று மார்லிஸிடம் சத்தியம் செய்துவிட்டு வந்தார்.

நான் வெய்னோ கோஸ்கெலா. முப்பத்தெட்டு வருஷம் குழாய் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். அதை அவரிடம் சொல்லவில்லை. கேட்காமல் தன் திறமையைச் சொல்லிக்கொள்வது எங்கள் பக்கத்தில் பெரிய அநாகரிகம். அவரும் கேட்கவில்லை. கேட்பது அதைவிட அநாகரிகம்.

புதன்கிழமை மத்தியானம், என் மனைவி அய்லி கறியும் உருளைக்கிழங்கும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷை எடுத்துக்கொண்டு போனேன். கதவு திறந்திருந்தது. குளியலறையில் அருவிச் சத்தம். எட்டிப் பார்த்தால், ஆர்லன் தொப்பலாக நனைந்து, சுவரில் ஒரு துளையைக் கட்டைவிரலால் அழுத்திக்கொண்டு நிற்கிறார். கம்பிக்குத் துளை போட்டவர் நேராகக் குழாயிலேயே போட்டுவிட்டார்.

“எல்லாம் நல்லாப் போகுதா?” என்றேன்.

“மோசமில்ல.” மூக்கு நுனியிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“சுவத்துலேர்ந்து தண்ணி வருது போலிருக்கே.”

“லேசா.”

“ஒரு கை கொடுக்கட்டுமா?”

“ஐயையோ, வேண்டாங்க. உங்களுக்கு ஆயிரம் வேலை இருக்கும்.”

இது சரியான பதில்தான். எங்கள் ஊரில் முதல் இரண்டு முறை வேண்டாம் என்று சொல்ல வேண்டும். மூன்றாவது முறை கேட்டால் சரி என்று சொல்ல வேண்டும். பிறந்த குழந்தைக்கும் இது தெரியும்.

“எனக்கொன்னும் வேலை இல்ல. பாக்கட்டுமா?”

“உங்க சட்டை நனைஞ்சிடும்.”

தண்ணீர் என் செருப்பைத் தொட்டது. ஹாட்டிஷை உயரத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூன்றாவது முறை கேட்டேன். “நிஜமாவே வேண்டாமா?”

“சமாளிச்சுடுவேங்க.”

மூன்றாவது முறையும் மறுத்தவரை அதற்குமேல் தொந்தரவு செய்யக் கூடாது. திரும்பி நடந்தேன். வாசல் வரைக்கும் போய்விட்டேன். அடச்சீ, என்ன பெரிய நாகரிகம்! எரிச்சலோடு திரும்பி வந்தேன்.

“யோவ்! மார்லிஸ் வெள்ளிக்கிழமை வீட்டுக்கு வரணுமா வேண்டாமா?”

ஆர்லன் முகம் கோணியது. “வரணுங்க. அவ இல்லாம இந்த வீட்ல ஒரு வாய் சாப்பாடு எறங்கல.” குரல் உடைந்துவிட்டது. ஹாட்டிஷைக் கீழே வைத்தேன்.

“மெயின் வால்வு எங்க?”

“கீழ... அத மறைச்சு நேத்துதான் மரப்பலகை அடிச்சேன். அசிங்கமா இருந்துது. மார்லிஸுக்குப் பிடிக்காதேன்னு.”

படியே இறங்க முடியாத பெண்மணிக்காக நிலவறையை அழகுபடுத்தியிருக்கிறார்! இரண்டு வீட்டையும் கட்டியது ஒரே ஆள், அதனால் வால்வு இருக்கும் இடம் எனக்குத் தெரியும். கீழே இறங்கி, பலகையை ஒரே உதையில் உடைத்து வால்வை மூடினேன். ரொம்ப நாள் கழித்து உடம்புக்குச் சுகமாக இருந்தது.

சாயங்காலத்துக்குள் குழாயைப் பற்றவைத்தேன். சுவருக்குள் மரச்சட்டம் ஓடும் இடத்தைத் தேடிக் கண்டுபிடித்தேன். “இங்கதான் பிடிக்க வசதியா இருக்கும்” என்று ஆர்லன் கையைத் தூக்கிப் பென்சிலால் கோடு போட, கம்பியை முறுக்கி மாட்டினேன். இருவரும் தொங்கிப் பார்த்தோம். அசையவில்லை.

வெள்ளிக்கிழமை ஊன்றுகோலோடு மார்லிஸ் வந்தார். ஐந்தடிக்கு ஒரு அங்குலம் குறைவு. ஷவருக்குள் நின்று கம்பியை அண்ணாந்து பார்த்தார், கையை நீட்டினார். விரல் நுனிகூடப் படவில்லை. முப்பத்தெட்டு வருஷ அனுபவம் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்ற எனக்கு, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது.

ஆர்லன் அப்படியே கழிப்பறை மூடிமேல் உட்கார்ந்துவிட்டார். “கெடுத்துட்டேன். உன்னை அந்த இல்லத்துக்கு அனுப்பிடுவாங்க.”

“யாரு அனுப்பறது? நான் எங்கயும் போகல” என்றார் மார்லிஸ். “அம்பத்தோரு வருஷமா நீ எல்லாத்தையும் உன் உயரத்துக்குத்தான் மாட்டற. கல்யாணமான நாள்லேர்ந்து கண்ணாடில என் நெத்தியத் தவிர எதையும் நான் பாத்ததில்ல. எந்திரி.”

எழுந்தார். அவர் முழங்கை சரியாக மார்லிஸின் கைக்கு வாகாக இருந்தது. அதை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, “இது அசையாதுல்ல?” என்றார் மார்லிஸ்.

“அசையாது” என்றார் ஆர்லன், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

“அப்ப நான் குளிச்சு முடிக்கிற வரைக்கும் இங்கயே நில்லு.” பிறகு என் பக்கம் திரும்பி, “நீங்க வெளிய இருங்க” என்றார்.

கம்பியைக் கழற்றி இறக்கி மாட்ட, கையில் ஸ்க்ரூடிரைவரோடு முக்கால் மணி நேரம் வெளியே காத்திருந்தேன். உள்ளே இரண்டு பேரும் சிரித்துக்கொண்டே இருந்தார்கள்.